புற்றாஞ்சோறு: ஒரு சொல்லும் ஓர் அறிவியற் கண்டுபிடிப்பும்

1. தோற்றுவாய்

ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்தவர் இன்னார் என்று கூறுங்கால், கண்டுபிடித்தல் என்பதன் பொருள் யாது என நாம் பெரும்பாலும் வினவுவதில்லை. ஒரு பொருளை முதன்முதற் கண்ணாற் கண்டவரா, அதற்கு முதன்முதற் பெயரிட்டவரா, அதன் இயல்பை முதன்முதல் ஏட்டில் எழுதியவரா, அன்றி அவ்வியல்பை ஐயந்திரிபறச் சோதித்து நிறுவியவரா, யாரைக் கண்டுபிடித்தவர் என்பது? இந்நால்வரும் ஒருவரே ஆதல் அரிது. அறிவியல் வரலாறு எழுதியவரையும் நிறுவியவரையும் பெயர் சுட்டிப் போற்றுகின்றது. கண்டவரும் பெயரிட்டவரும் ஊரும் பேரும் அறியப்படாது மறைகின்றனர். ஆயினும் அவர் இட்ட பெயர் மொழியில் தங்கிவிடுமாயின், அதனை வாயிலாகக் கொண்டு அவர் கண்டது எவ்வளவு, காணாதது எவ்வளவு என ஓரளவு அளந்தறிதல் கூடும். அப்பணி மொழி ஆராய்ச்சியாளர்க்கே சிறப்பாக உரியது.

இக்கட்டுரை அத்தகைய பெயர் ஒன்றனை எடுத்துக்கொள்கின்றது. கறையான் புற்றின் உள்ளே, மண்ணறைகளில், கடற்பஞ்சு போன்ற மென்மையான ஒரு திரள் காணப்படும். அதனைச் சங்கச் சான்றோர் குரும்பி என்றனர். பிற்காலத்தார் புற்றாஞ்சோறு என்றனர். அத்திரள் கறையான்கள் காளான் வளர்க்கும் தோட்டம் என்பது இன்று உயிரியலார் அனைவரும் ஒப்ப முடிந்த உண்மை. இவ்வுண்மை ஏட்டில் ஏறிய வரலாறு தமிழ்நாட்டிலேயே தொடங்குகின்றது. அவ்வரலாற்றையும் அச்சொற்களையும் அருகருகே வைத்து நோக்குதல் ஈண்டு நம் கருத்து.

2. மேல்மலையனூர்ப் புற்று

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கு வடமேற்கே அமைந்தது மேல்மலையனூர். ஈண்டுள்ள அங்காளம்மன் கோயில் வடதமிழ்நாட்டு மக்கள் பெருந்திரளாக வந்து வழிபடும் இடம். மாசித் திங்களில் நிகழும் மயானக் கொள்ளையும், அமாவாசைதோறும் இரவில் நிகழும் ஊஞ்சல் விழாவும் இத்தலத்தின் பெயரைப் பரப்பியவை. பருவதராஜ குலத்தார் மரபுவழிப் பூசகராக விளங்குகின்றனர்.

இத்தலத்துக் கதையில் நாம் நோக்கற்பாலது ஒன்றே. அம்மன் இவ்வூரில் புற்றுருக் கொண்டு அமர்ந்தாள் என்பது மரபு. கோயிலில் புற்று வழிபடப்படுகின்றது. புற்றுமண்ணே அடியார்க்குப் பிரசாதமாக வழங்கப்படுகின்றது. இம்மரபு மேல்மலையனூர்க்கு மட்டும் உரியதன்று. திருவாரூர் இறைவன் புற்றிடங்கொண்டார் எனப் பெயர் பெற்றதும், திருவொற்றியூர் மூலவர் புற்று வடிவினர் எனப்படுவதும் யாவரும் அறிந்தன. தொண்டைநாட்டு ஊர்ப்புறங்களில் மஞ்சளும் குங்குமமும் அணிந்து நிற்கும் புற்றுகள் பல.

புற்றை வழிபடுவோர், அதனைப் பாம்பின் உறைவிடமாகக் கருதிப் பாலூற்றுகின்றனர். ஆயினும் அதனைக் கட்டியது பாம்பு என்று தமிழ் மக்கள் மயங்கினாரல்லர். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்னும் பழமொழியே இதற்குச் சான்று. ஒருவர் உழைப்பை மற்றொருவர் கவர்தலைக் குறிக்க எழுந்த பழமொழியாயினும், கட்டினவர் யார், குடியிருப்பவர் யார் என்னும் வேறுபாட்டை அது திட்டமாகக் கூறுகின்றது. வழிபாடும் இயற்கை நோக்கும் ஒரே மக்களிடத்தில், ஒன்றை ஒன்று அழிக்காமல், இணைந்து வாழ்ந்தன என்பது இதனாற் போதரும்.

கறையானைக் குறிக்கும் சொற்களையும் ஈண்டு நோக்குக. சிதல், செல், கறையான் என்பன இறகற்ற நிலையைக் குறிப்பன. ஈயல், ஈசல் என்பன மழைக்குப்பின் இறகுடன் வெளிவரும் நிலையைக் குறிப்பன. ஐரோப்பியர் நெடுங்காலம் இவ்வுயிரை வெள்ளெறும்பு என்றே வழங்கினர். தமிழ் வழக்கில் இது எறும்பின் வகையாக வைத்து எண்ணப்படவில்லை, தனிப்பெயர் பெற்றது. கறையான் எறும்பினத்தைச் சேர்ந்ததன்று, கரப்பான் இனத்தின் ஒரு கிளையே என்பதை மரபணு ஆய்வு 2007-ஆம் ஆண்டில் உறுதி செய்தது. தமிழர் கரப்பானோடு உள்ள உறவை அறிந்திருந்தனர் என்று இதனாற் கூறுதல் பொருந்தாது. எறும்பினின்றும் வேறெனக் கண்டு வேறு பெயரிட்டனர் என்னும் அளவே கூறத் தகும். இத்தகைய அளவு காத்தல் பின்வரும் ஆராய்ச்சி முழுமைக்கும் வேண்டற்பாலது.

3. இலக்கியம் காட்டும் புற்று

புற்றின் புறத்தோற்றத்தை மட்டுமன்றி அகத்தையும் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். அகநானூற்றின் 8-ஆம் பாட்டும் 72-ஆம் பாட்டும் இதற்குத் தலையாய சான்றுகள். இரண்டும் குறிஞ்சித் திணையின. இரவில் வரும் தலைவன் வழியின் ஏதத்தைக் கூறுவன. இரண்டிலும் ஆண்கரடி நள்ளிரவிற் புற்றை அகழ்கின்றது.

8-ஆம் பாட்டில் அப்புற்று ஈயற்புற்று எனப்படுகின்றது. அதனுட் கிடக்கும் குரும்பி கரடிக்கு வல்சி, அஃதாவது உணவு. கரடியின் கூரிய நகம் பட்டு உள்ளிருந்த பாம்பு வலியழிகின்றது. 72-ஆம் பாட்டில் மழை பெய்த நள்ளிரவில் புற்றின்மீது மின்மினிகள் மொய்த்திருக்கின்றன. கரடி புற்றைப் பிளந்து குரும்பியைத் தோண்டுங்கால் அவை பொறிகளெனச் சிதறுகின்றன. அக்காட்சியைப் புலவர் இரும்பு அடிக்கும் கொல்லன் தொழிலுக்கு ஒப்பிடுகின்றார்.

உவமை நயம் ஒருபுறம் நிற்க. இவற்றுள் அடங்கிய செய்திகளைப் பிரித்தெண்ணுவோமாக. புற்றைக் கட்டியது ஈயலினம் என்பது ஒன்று. பாம்பு அதனுள் வந்து தங்குவது என்பது மற்றொன்று. புற்றினுள் மண்ணும் பூச்சியும் அல்லாத மூன்றாவதொரு பொருள் உண்டு, அதற்குத் தனிப்பெயர் உண்டு என்பது பிறிதொன்று. அப்பொருளைக் கரடி விரும்பி உண்ணும் என்பது நான்காவது. இவற்றுள் மூன்றாவதே நம் ஆராய்ச்சிக்கு உயிராயது. புற்றைப் பிளந்து உள்ளே நோக்கினாலன்றிக் குரும்பி கண்ணிற்படாது. கண்ணிற்பட்டதற்கு ஒரு தனிப்பெயர் வழங்கியதென்றால், பலர் பலகாலும் புற்றைப் பிளந்து கண்டனர் என்பது பெறப்படும்.

புற்றைப் பிளக்க வேண்டிய தேவை மக்களுக்கு என்ன? புறநானூற்றின் 119-ஆம் பாட்டு விடை பகர்கின்றது. பாரியின் பறம்பு நாட்டு வளத்தைக் கூறும் கபிலர், கார்காலத்தில் செம்புற்றினின்றும் கிடைக்கும் ஈயலை மோரொடு சேர்த்துச் சமைத்த புளிப்புணவைக் குறிப்பிடுகின்றார். ஈசலை உணவாகக் கொள்ளும் வழக்கம் அண்மைக்காலம் வரை நாட்டுப்புறங்களில் பரவலாக இருந்தது. வறுத்த ஈசலைப் பொரியரிசியொடு கலந்து உண்பதை முதியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். இருளர் முதலிய குடியினர் புற்றின் உள்ளமைப்பை நன்கறிந்தவர். ஆகவே புற்றைப் பற்றிய அறிவு, பசிக்கு உணவு தேடிய கைகளில் வளர்ந்த அறிவு என்னலாம்.

மேற்காட்டிய பாட்டுகள் மலைநாட்டுச் சூழலைச் சார்ந்தவை. மேல்மலையனூரை உள்ளிட்ட இம்மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே எழுந்த ஒரு சான்றும் உண்டு. அது சிறுபாணாற்றுப்படை. இதனை இயற்றியவர் நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுக்குரிய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்தது. எயிற்பட்டினம் மரக்காணப் பகுதியது என்பர்.

269 அடிகளைக் கொண்ட இப்பாட்டில், பரிசில் பெறுமுன் பாணன் வீட்டில் நிலவிய வறுமை கூறப்படும் இடம் கற்றோர் நெஞ்சைவிட்டு அகலாதது. அடுப்பில் நெருப்பில்லை, ஈன்ற நாய் பசியாற் குரைக்கின்றது, உப்பில்லாமல் வேகவைத்த வேளைக் கீரையைப் பிறர் காணாவண்ணம் கதவடைத்து உண்கின்றனர். அவ்வீட்டின் பழஞ்சுவரைச் சிதற்கூட்டம் அரித்திருக்கின்றது. அரித்ததனால் உண்டான புழுதியில் காளாம்பி, அஃதாவது காளான், பூத்திருக்கின்றது. சிதல், அது ஆக்கிய பூழி, அதிற் பூத்த காளாம்பி என்னும் மூன்றையும் நத்தத்தனார் ஒரு தொடராகவே கோத்திருக்கின்றார்.

இவ்விடத்தும் அளவு காத்தல் வேண்டும். மக்கிய மரத்திலும் ஈரச்சுவரிலும் முளைக்கும் காளான் வகைகள் பல. நத்தத்தனார் கண்டது அவற்றுள் ஒன்றாகவும் இருத்தல் கூடும். அது கறையானோடு கூடி வாழும் தனிவகைக் காளானே என்று முடிவு கட்டுவதற்கு இடமில்லை. எனினும் கறையான் அரித்த இடத்திற் காளான் தோன்றும் என்னும் தொடர்பு புலவர் கண்ணுக்குப் புலனாயிற்று என்பதை மறுத்தற்கும் இடமில்லை.

4. தரங்கம்பாடி மருத்துவரும் பெர்லின் கட்டுரையும்

இனி ஏட்டில் எழுதியவர் வரலாற்றுக்கு வருவோம். யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்பவர் பால்டிக் கடலையடுத்த பகுதியில் 1728-இற் பிறந்தவர். நிலைத்திணைக்கும் விலங்குக்கும் இருசொற்பெயர் முறையை வகுத்த லின்னேயசின் மாணாக்கர். 1768-இல் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் திருச்சபைக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடத்தும், 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியிடத்தும் இயற்கையறிஞராகப் பணிபுரிந்தார். 1785-இல் காக்கிநாடாவை அடுத்த சகந்நாதபுரத்தில் மறைந்தார். தென்னாட்டுச் செடி கொடிகளைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பிய முன்னோடி இவர். நம் வீட்டுக் கறிவேப்பிலைக்கு லின்னேயசு 1771-இல் இட்ட பெயர் பெர்கேரா கோனிகீ என்பது. அதன் பிற்பகுதி இவர் பெயரையே நிலைநிறுத்துகின்றது.

கோனிக் 1779-இல் பெர்லின் இயற்கையறிஞர் கழகத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். வெள்ளெறும்பு என்று சொல்லப்படுகின்றவற்றின் இயற்கை வரலாறு என்பது அதன் பொருள். கறையானைப் பற்றிய முறையான அறிவியற் கட்டுரைகளுள் முற்பட்டது இது. தென்னாட்டுப் புற்றுகளை ஆராய்ந்த அவர், உள்ளறைகளில் நுண்ணிய காளான் வளர்தலைக் கண்டார். அக்காளான் இளங்குஞ்சுகளின் உணவாகலாம் என்று கருத்துரைத்தார்.

இரண்டாண்டு கழித்து, 1781-இல், மேற்கு ஆப்பிரிக்காவிற் கறையான்களை ஆராய்ந்த என்றி ஸ்மீத்மன் என்னும் ஆங்கிலேயர், லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் ஒரு விரிந்த கட்டுரையை வெளியிட்டார். அவரும் குஞ்சுகள் வளரும் அறைகளில் பூஞ்சணம் படர்ந்திருத்தலையும், குண்டூசித் தலையளவான வெண்ணிற உருண்டைகள் தூவினாற்போற் கிடத்தலையும் விளக்கினார். அவை குஞ்சுகளின் உணவு என்னும் கருத்தைக் கோனிக்குக்கு உரியதாகவே எடுத்துக்காட்டினார்.

ஸ்மீத்மன் தம் கட்டுரையில் கோனிக்கின் மற்றொரு செய்தியையும் தந்துள்ளார். அது நமக்குப் பெரிதும் பயன்படுவது. இந்நாட்டு மக்கள் ஈசல் பிடிக்கும் முறை அது. புற்றில் இரண்டு துளைகள் இடுவர். ஒன்று காற்று வரும் பக்கம், மற்றொன்று காற்று போகும் பக்கம். காற்று போகும் பக்கத்துத் துளையில் ஒரு பானையின் வாயைப் பொருத்துவர். அப்பானையின் உட்புறம் பெர்கேரா என்னும் மணமிக்க தழையால் முன்னரே தேய்க்கப்பட்டிருக்கும். காற்று வரும் பக்கத்தில் நாற்றம் மிக்க பொருள்களை எரித்துப் புகையூட்டுவர். புகைக்கு அஞ்சி ஈசல்கள் பானைக்குள் வந்து நிறையும். சிலபோது நாகப்பாம்பும் வந்து விழுமாதலின் பானையை எடுக்குங்கால் விழிப்பாக இருத்தல் வேண்டும். அவ்வீசலை மாவோடு சேர்த்துப் பலவகைப் பண்டம் செய்து ஏழை மக்களுக்குக் குறைந்த விலையில் விற்பர். இதுவே செய்தி.

பெர்கேரா என்பது வேறெதுவுமன்று. மேலே கூறிய கறிவேப்பிலையே. ஐரோப்பிய ஏட்டில் அயற்பெயரால் மறைந்து கிடக்கும் இத்தழையை அடையாளம் கண்டவுடன், அக்காட்சி முழுதும் ஒரு தமிழ்நாட்டுச் சிற்றூர்க் காட்சியாக மாறிவிடுகின்றது. அகநானூற்று 8-ஆம் பாட்டில் புற்றைப் பிளந்த கரடியின்முன் பாம்பு வெளிப்பட்டது; கோனிக்கின் குறிப்பில் புற்றைத் துளைத்த மனிதரின் பானையிற் பாம்பு வந்து விழுகின்றது. புறநானூற்றில் ஈயல் மோரொடு சமைக்கப்பட்டது. கோனிக்கின் காலத்தில் மாவொடு சமைக்கப்பட்டது. இடையே நூற்றாண்டுகள் பல கழிந்தும் தொழில் தொடர்ந்து நடந்துவந்துள்ளது.

இதனால் ஒன்று தெளிவாகின்றது. கோனிக் புற்றுகளை ஆராய்ந்தது, புற்றைத் திறப்பதையே தொழிலாகக் கொண்ட மக்களிடையே. காற்றின் திசை, புகையின் வகை, தழையின் மணம், பாம்பின் வரவு ஆகிய அனைத்தையும் அவர் அம்மக்களிடம் கண்டும் கேட்டுமே அறிந்திருத்தல் வேண்டும். அம்முறை ஏட்டில் ஏறியது. அம்முறையைக் காட்டினவர் பெயர் ஒன்றேனும் நமக்கு எட்டவில்லை. தோற்றுவாயிற் கூறிய நால்வகையினருள் முன்னிருவர் மறைதல் என்பது எவ்வாறு நிகழும் என்பதற்கு இது கண்கூடான எடுத்துக்காட்டு.

5. கருத்து உண்மையாக நிலைபெற்ற வரலாறு

கோனிக் கூறியது கருத்தே. நிறுவப்பட்ட உண்மை அன்று. அது உண்மையாக நிலைபெற நெடுங்காலம் சென்றது. அதன் முதன்மையான படிகளுள் ஒன்று இலங்கையில் நிகழ்ந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவைச் சார்ந்த தாமசு பெட்சு என்னும் காளானியல் அறிஞர் 1906-இல் கறையான் புற்றுகளிற் காணப்படும் காளான்களைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். பின்னர் 1942-இல் பிரெஞ்சு அறிஞர் ரோசே ஐம் இக்காளான்களைத் தனிப் பேரினமாகப் பிரித்து டெர்மிட்டோமைசிசு என்று பெயரிட்டார். கறையான்காளான் என்பதே அப்பெயரின் பொருள்.

இன்று அறியப்பட்டுள்ள செயல்முறையைச் சுருங்கக் கூறுவோம். தொழிற்கறையான்கள் காய்ந்த இலை, சருகு, மரம் ஆகியவற்றைத் தின்று புற்றுக்குட் கொணர்கின்றன. அவை முற்றும் செரியாமல் எச்சமாகக் கழிக்கப்பட்டு, குரும்பியின்மேல் அடுக்கடுக்காக அப்பப்படுகின்றன. அவ்வெச்சத்திற் கலந்துள்ள காளான் வித்துகள் முளைத்துத் திரள் முழுதும் படர்கின்றன. மரத்தின் கடினமான கூறுகளைக் கறையான் தானே எளிதிற் செரிக்க இயலாது. காளான் அவற்றைச் சிதைத்து மென்மையாக்குகின்றது. வெண்ணிறச் சிற்றுருண்டைகள் காளானின் ஒரு பகுதி. அவற்றைக் கறையான்கள் உண்கின்றன. பழகி முதிர்ந்த குரும்பியையும் அவை உண்டு தீர்த்து, புதியதை மேலே கட்டிக்கொண்டே செல்கின்றன. மழைக்காலத்தில் இக்காளான், வேர்போல் நீண்ட காம்பை மண்ணூடு செலுத்தி வெளியே குடை விரிக்கின்றது. நாட்டுப்புறத்தார் புற்றுக்காளான் என்று விரும்பிப் பறிப்பது இதுவே.

ஏறத்தாழ 330 வகைக் கறையான்கள் இவ்வேளாண்மை செய்கின்றன. தென்னாட்டிற் பெரும்புற்றெடுக்கும் ஓடோண்டோடெர்மிசு ஒபீசசு என்னும் வகையும் அவற்றுள் ஒன்று. 2002-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, இவ்வேளாண்மை ஆப்பிரிக்காவில் ஒரே ஒருமுறை தோன்றிப் பின்னர் ஆசியாவுக்குப் பரவிற்று என்று காட்டியது. 2016-இல் தான்சானியாவில் 2.5 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட குரும்பிகள் கல்லாகிக் கிடந்தமை வெளியிடப்பட்டது. மனிதன் ஏர் பிடித்தது ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டு எல்லைக்குள் நிகழ்ந்தது என்பதை நினைவிற் கொண்டால் இவ்வேளாண்மையின் தொன்மை விளங்கும்.

புற்றின் புறச்சுவரும் இத்தோட்டத்தின் பொருட்டே அமைந்தது எனலாம். பல்லாயிரம் உயிர்களும் காளானும் மூச்சுவிடும் அறையில் கரியமில வாயு மிகும். அது வெளியேறல் வேண்டும். மகாதேவன் முதலியோர் பெங்களூரில் இவ்வகைப் புற்றுகளையே அளந்து 2015-இல் அதன் முறையை விளக்கினர். பகலில் வெயில் பட்டுப் புற்றின் வெளிமடிப்புகள் நடுப்பகுதியினும் விரைந்து சூடேறுகின்றன; அங்குள்ள காற்று மேலெழ, நடுவிலுள்ள காற்றுக் கீழிறங்குகின்றது. இரவில் வெளிமடிப்பு முற்படக் குளிர்தலின் ஓட்டம் மாறிச் சுழல்கின்றது. பகல் இரவு என்னும் வேறுபாட்டையே புற்று துருத்தியாகக் கொண்டு மூச்சுவிடுகின்றது.

6. சோறு என்னும் சொல்

இனி, தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட சொல்லுக்கு மீள்வோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதிகளாக வெளிவந்தது. அது குரும்பி என்பதற்கு அகநானூற்றுச் சான்று காட்டிப் புற்றாஞ்சோறு என்று பொருள் தருகின்றது. அகநானூற்றுக்கு உரைகண்டோரும் அவ்வாறே கொண்டனர். கோனிக் 1779-இல் உணவாகலாம் என்று கருதிய பொருளைத் தமிழ் வழக்குச் சோறு என்றே பெயரிட்டழைக்கின்றது. இவ்வொற்றுமை வியக்கத்தக்கது. வியப்பின் மேலீட்டால், கறையான் காளான் பயிரிட்டு உண்பதைத் தமிழர் பண்டே அறிந்து சோறு என்று பெயரிட்டனர் என்று முடிவு கூற நம் உள்ளம் விரையும். அவ்வாறு விரைதல் தகாது என்பதற்குக் காரணங்கள் உள.

முதலாவது, சோறு என்னும் சொல்லுக்கு அட்ட அரிசி என்பது மட்டும் பொருளன்று. தாவரங்களின் உள்ளிருக்கும் மென்மையான பகுதியும் சோறு எனப்படும். கற்றாழைச் சோறு, பனஞ்சோறு என்னும் வழக்குகளைக் காண்க. அவ்வாறாயின் புற்றாஞ்சோறு என்பது புற்றின் மெல்லிய உள்ளீடு என்றே பொருள்படலாம். இரண்டாவது, குரும்பியின்மேற் கிடக்கும் வெண்ணிற உருண்டைகள் சோற்றுப் பருக்கையை ஒத்தன. தோற்ற ஒப்புமை பற்றியும் இப்பெயர் அமையலாம். மூன்றாவது, பேரகராதியின் பதிவு இருபதாம் நூற்றாண்டினது. அதனை மட்டுங்கொண்டு அச்சொல்லின் பழமையை வரையறுத்தல் கூடாது. பழமை உறுதியாக உடையது குரும்பி என்னும் சொல்லே. அச்சொல்லோ காதின் அழுக்கையும் குறிப்பது. மெழுகு போன்ற திரள் என்னும் தோற்றத்தையே அது உணர்த்துகின்றது.

ஆகவே சான்றுகளைத் தராசிலிட்டு நோக்கின் பெறப்படுவது இது. அகநானூறு குரும்பியைக் கரடியின் வல்சி என்றது. கறையானின் வல்சி என்னவில்லை. கறையானின் வல்சி என்று ஏட்டில் முதற்கண் கருத்துரைத்தவர் கோனிக். அக்கருத்தைச் சோதித்து நிறுவியவர் அவர்க்குப் பின்வந்தோர். புற்றைப் பிளந்து, குரும்பியை மண்ணினின்றும் பூச்சியினின்றும் வேறு பிரித்துக் கண்டு, பெயரிட்டு, அதனை உண்ணும் விலங்கையும் குறித்து வைத்தவர் தமிழ் மக்கள். இவ்வெல்லைக்கோடு தெளிவானது. இதனை இப்பாலோ அப்பாலோ நகர்த்துதல் ஆராய்ச்சிக்கு இழுக்கு.

சிலர், அகநானூற்று அறிவைப் புலவர் கற்பனை என்று தள்ளுவர். அதுவும் பொருந்தாது. கற்பனையாற் புனைந்த பொருளுக்கு இரு வேறு பாட்டுகளில் ஒரே பெயரும் ஒரே பயனும் அமைதல் அரிது. மேலும் அப்பாட்டுகள் கூறும் கரடி தென்னாட்டுக் கரடி. கறையானையும் எறும்பையும் உண்பதற்கேற்ப அதன் உடல் அமைந்துள்ளது. மேல்வாயின் நடுவே இரண்டு வெட்டுப்பற்கள் இல்லை; மண் புகாதவாறு மூக்குத் துளைகளை மூடிக்கொள்ள வல்லது; நீண்ட நகங்களாற் புற்றைப் பிளந்து வாயால் உறிஞ்சும். புலவர் கூறிய நகமும் அகழ்தலும் இவ்விலங்கின் வாழ்க்கையோடு முற்றும் பொருந்துகின்றன. எல்லாவற்றையும் எம் முன்னோர் அறிந்தனர் என்பாரும், அவர் எதனையும் அறிந்திலர் என்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் சான்றை அளப்பதில்லை.

அறிவு எவ்வடிவிற் சேமிக்கப்பட்டது என்பதும் ஈண்டுக் கருதற்பாலது. புற்றைப் பற்றிய வடமொழி மரபில், ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகத் சம்கிதையுள் நிலத்தடி நீர் காணும் இயல் ஒன்றுண்டு. இன்ன மரத்தருகே இன்ன திசையிற் புற்று இருப்பின் இத்துணை ஆழத்தில் நீர் உண்டு என அது நூலாக விதிகளை வகுத்தது. நூலாக வகுத்தமையால் பிற்கால நிலவியலார் அதனை எடுத்துச் சோதிக்க முடிந்தது. குரும்பியைப் பற்றிய தமிழறிவோ தனி நூல் ஆகவில்லை. பாட்டின் உள்ளுறையாகவும் வழக்குச் சொல்லாகவும் நின்றது. சொல்லில் தங்கிய அறிவுக்கு ஓர் இடர் உண்டு. சொல் வழக்கொழியும்போது அறிவும் உடன் ஒழியும்.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் தெளிவாவன இவை. புற்றினுட் கிடக்கும் குரும்பி சங்க காலத்திலேயே தமிழ்நாட்டிற் கண்டறியப்பட்டுப் பெயரிடப்பட்டது. கறையானுக்கும் காளானுக்கும் உள்ள தொடர்பின் புறத்தோற்றம் ஓய்மானாட்டுப் பாட்டிலேயே பதிவாகியுள்ளது. அத்தொடர்பின் உண்மை பற்றிய முதல் அறிவியற் கருத்து, இந்நாட்டுப் புற்றுகளிலிருந்தே, இந்நாட்டு மக்களிடையே வாழ்ந்த ஒருவரால் 1779-இல் எழுதப்பட்டது. அது நிலைபெற்ற வரலாறு பேராதனை, பாரிசு, பெங்களூர் எனப் பல இடங்களிற் பரந்தது. கண்டவர், பெயரிட்டவர், எழுதியவர், நிறுவியவர் ஆகிய நால்வரும் இக்கண்டுபிடிப்பில் நான்கு வேறு இடத்தினர், நான்கு வேறு காலத்தினர். அவருள் ஒருவரை மட்டும் உயர்த்துதல் வரலாறாகாது.

முதுகலை மாணாக்கர்க்கு ஒரு பணி காத்திருக்கின்றது. மேல்மலையனூரிலும் செஞ்சியிலும் திண்டிவனத்திலும் வயல்கள் மனைகளாகுந்தோறும் புற்றுகள் இடிக்கப்படுகின்றன. கோயிலுக்குள் அமைந்த புற்று காக்கப்படும். வயல்வரப்பிலுள்ள புற்றுக்குக் காவலில்லை. புற்றோடு சேர்ந்து புற்றின் சொற்களும் மறைந்துகொண்டிருக்கின்றன. புற்றின் அறைகளுக்கும், குரும்பியின் இளமை முதுமைக்கும், ஈசல் புறப்படும் பொழுதுக்கும், புற்றுக்காளானின் வகைகளுக்கும் வேளாளரும் இருளரும் குயவரும் என்னென்ன பெயர் வழங்குகின்றனர் என்பதை ஊர்தோறும் சென்று தொகுத்தல் வேண்டும். தொகுக்குங்கால், சொன்னவர் விரும்பின் அவர் பெயரையும் ஊரையும் உடன் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். கோனிக்குக்கு ஈசற்பானையைக் காட்டியவர் பெயரை இனி நாம் அறிவதற்கில்லை. அவ்விழப்பு நம் காலத்தில் மீண்டும் நேராமற் காத்தல் நம் கையிலேயே உள்ளது.